மகன் கேட்ட விளையாட்டுக் கணினி

2025-ம் ஆண்டுத் தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப் பாதை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், தோணிரேவிலிருந்து வந்திருந்த தகப்பனார் ஒருவர் நமது இல்லத்தின் படியருகே தயங்கி நின்றார். பழவேற்காட்டு ஏரியில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்பவர். கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது.

"சாமி, இதைக் கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. பையன் எழுதிக் கொடுத்தான்" என்றார்.

தாளை விரித்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவனின் அழகிய கையெழுத்து. விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட ஒரு மடிக்கணினியின் பெயர், அதன் உறுப்புகள், விலை 92,000 ரூபாய், முன்பணம் 20,000, பிறகு மாதம் 6,000 வீதம் பன்னிரண்டு தவணைகள். "வட்டி இல்லை" என்ற சொற்களின் கீழ் இரண்டு கோடுகள். முன்பணத்துக்கு மனைவியின் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க வீட்டில் பேசி முடித்துவிட்டார்களாம்.

வாசகர்களில் சிலர் இங்கேயே முகம் சுளிப்பர். மீன் பிடிக்கும் குடும்பத்துக்கு விளையாட்டுக் கணினி ஒரு கேடா என்பர். நாமும் ஒரு கணம் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் தகப்பனார் சொன்ன காரணம் நம்மை வாயடைக்கச் செய்தது. பையன் பள்ளி விட்டதும் வீடு திரும்புவதில்லை. பொன்னேரியில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக் கணினியில் ஆடவிடும் ஓர் இடத்துக்குப் போகிறான். கடைசிப் பேருந்தில் வருகிறான். போதாததற்குத் தாயின் கைப்பேசியில் ஓர் ஆட்டத்துக்குள் ஏதோ உடையும் ஆயுதமும் வாங்கியதில் 2,300 ரூபாய் போய்விட்டது. அது பனையோலைக் கூடை முடைந்து அத்தாய் சேர்த்திருந்த பணம். "வெளியே ஆடுறதை வீட்டுலயே ஆடட்டும் சாமி, கண்ணு முன்னாடி இருப்பான் இல்ல?" என்றார் அவர். இதில் செல்லம் கொடுத்துக் கெடுக்கும் எண்ணம் ஒன்றுமில்லை. மகனை மீட்க ஒரு தகப்பன் கண்ட வழி இது. வழியில் தவறில்லை, விலையில்தான் தவறு.

இத்தகைய தாள் இன்று பல வீடுகளில் உண்டு. ஆதலின் அன்று பேசியதையும், பின்னர் எட்டு மாதங்களில் நடந்ததையும் இங்கே எழுதுகின்றோம். நாம் குருமடத்தில் பயின்ற நாட்களில் தட்டச்சுப் பொறிதான் பெரிய இயந்திரம். கணினியைக் கண்டதே பிற்பாடு. எனினும் பங்குப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்து அதனோடு மல்லுக்கட்டி வருகின்றோம். பங்கில் கணினி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் நமக்கு ஆசான். கீழே வரும் நுணுக்கங்களில் பெரும்பகுதி அவர் கற்பித்தவை.

முதலில் அந்த "வட்டி இல்லாத" தவணையைப் பற்றி. கடனை வட்டியின்றி எவரும் கொடுப்பதில்லை. வட்டி என்பதே இல்லாத தவணை என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கின்றது. முழுப் பணம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காது; கடனைப் பதிவு செய்ய ஒரு கட்டணம் உண்டு; அதன்மேல் வரியும் உண்டு. ஏரியில் வரவு மாதத்துக்கு மாதம் ஒன்றாயிருப்பதில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் மீன்வரத்து குறைகின்றது. கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை. வரவு ஏறி இறங்கும் வீட்டில் செலவு மட்டும் மாதந்தோறும் 6,000 என்று அசையாமல் நின்றால், ஐந்தாம் மாதத்தில் சங்கிலி மூழ்கிவிடும். இதைச் சொன்னதும் தகப்பனார் தாளை மடிக்கத் தொடங்கினார். மடிக்க வேண்டாம் என்றோம்.

"வலை வாங்கப் போனால் கடையில் என்ன கேட்பாய்?" என்று வினவினோம்.

"எந்த மீனுக்குன்னு சொல்லித்தான் கேட்பேன். நண்டு வலைக்குக் கண்ணி வேற, இறால் வலைக்குக் கண்ணி வேற."

"பையன் எந்த மீனுக்கு வலை கேட்கிறான்?"

அவர் விழித்தார். மறுநாள் பையனையே அழைத்து வந்தார். பதினான்கு வயது. நம்மை நிமிர்ந்து பாராமல், தான் ஆட விரும்பும் ஆட்டங்கள் நான்கைச் சொன்னான்: வாலரண்ட், மைன்கிராஃப்ட், ஈஃபுட்பால் என்னும் பந்தாட்டம், ஜி.டி.ஏ. 5.

பெற்றோர் முதலில் கேட்டறிய வேண்டியது இந்தப் பட்டியலைத்தான். ஒவ்வோர் ஆட்டத்தையும் வெளியிடுவோர், அது ஓடுவதற்குக் குறைந்தபட்சம் எத்தகைய கணினி வேண்டும், நன்றாக ஓட எத்தகையது வேண்டும் என்று தாங்களே அறிவித்திருக்கின்றனர். வாலரண்ட் 2020-ல் வந்த துப்பாக்கி ஆட்டம். அதை வெளியிட்ட ரயட் நிறுவனம் குறைந்தபட்சத் தேவையாகக் குறிப்பிட்ட படத்திறன், 2012-ல் வந்த இன்டெல் எச்.டி. 4000, அது தனிக் கார்டு கூட அன்று, ப்ராசஸருக்குள்ளேயே அடங்கியது. மிக வேகமாக ஆட விரும்புவோருக்கு அது காட்டிய உயர்ந்த அளவே 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்ற கார்டுதான். மைன்கிராஃப்ட் கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் எழுப்பும் ஆட்டம். அதற்கும் பெரிய இயந்திரம் வேண்டா. பந்தாட்டத்துக்குச் சற்றுக் கூடுதல் திறன் வேண்டும். ஆக, இவற்றுக்கு 92,000 ரூபாய் மடிக்கணினி என்பது, மடவை பிடிக்கத் திமிங்கில வலை கேட்டது போலாகும். விலையில் பெரும்பகுதி "கேமிங்" என்ற அந்தச் சொல்லுக்கும், விசைப்பலகைக்கு அடியில் மின்னும் வண்ண விளக்குகளுக்கும் போகின்றது.

நான்காவது ஆட்டமான ஜி.டி.ஏ. 5 வன்முறையும் ஆபாசமும் மிகுந்தது; அதன் உறையிலேயே 18 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஊரில் பத்து வயதுப் பிள்ளைகள் அதை ஆடுவதையும், அந்த எண் என்னவென்று அறியாமல் பெற்றோர் பக்கத்தில் அமர்ந்திருப்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். அதைப் பட்டியலிலிருந்து அடித்தோம், பையன் எதிர்க்கவில்லை. வாலரண்டுக்கு ஐரோப்பிய வயதுக் குறியீடு 16. அதையும் தகப்பனாரிடம் மறைக்கவில்லை. பையனின் முகம் கறுத்தது. "கூட்டாளிங்க எல்லாரும் அதைத்தான் ஆடுறாங்க சாமி" என்றான். அந்த ஒரு பொருளில் அவ்வீட்டில் இன்றுவரை முழு இணக்கம் ஏற்படவில்லை.

அடித்த ஆட்டத்தின் இடத்தில் நாம் ஒன்றை எழுதிக் கொடுத்தோம். அதன் பெயர் "வெண்பா". கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் இட்லியும் பிரியாணியும் சமைக்க, ஆடுகிறவர் பழைய குறிப்பேட்டில் அழிந்துபோன செய்முறையை ஊகித்து உதவ வேண்டும். டொரண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023-ல் வெளியிட்டது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்குரிய விருதைப் பெற்றது. மிக எளிய கணினியிலும் ஓடும். பையன் மரியாதைக்காகத் தலையசைத்தான் என்பது நமக்கு விளங்கிற்று. ஆனால் அதை முதலில் ஆடி முடித்தவள் அவனுடைய அக்காள் என்பதைப் பிறகு அறிந்தோம்.

அந்த அக்காளிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. பிளஸ் டூ பயின்றபோது அரசு கொடுத்தது. அத்திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நமது திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது என்பதைப் பலர் மறந்திருப்பர். புதியதைத் தேடுமுன் வீட்டில் உள்ளதைப் பாருங்கள் என்பது நமது வேண்டுகோள். பழைய வன்தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டினால் சோர்ந்து கிடக்கும் கணினியும் எழுந்து நடக்கும். சில மாதிரிகளில் ராம் என்னும் நினைவகத்தையும் கூட்டலாம். சதுரங்கத்துக்கும் "வெண்பா" போன்ற இலேசான ஆட்டங்களுக்கும் இதுவே போதும். அக்காளின் கணினியில் பாட்டரி செத்திருந்தாலும் மின்சாரத்தில் ஓடிற்று. பந்தாட்டம் மட்டும் அதில் தள்ளாடியது.

ஆகவே மேசைக் கணினி ஒன்றைத் தேடுவது என்று முடிவாயிற்று. விளையாட்டுக்கு மடிக்கணினியைவிட மேசைக் கணினியே சிக்கனமானது. மடிக்கணினியின் படக் கார்டைப் பின்னாளில் மாற்ற முடியாது, சூடு மிகுதி, ஒன்று கெட்டால் முழுவதையும் தூக்கிச் செல்ல வேண்டும். மேசைக் கணினியிலோ கெட்ட உறுப்பை மட்டும் மாற்றலாம், பணம் வரும்போது ஒவ்வொன்றாகக் கூட்டலாம். டி.வி.யில் செருகி ஆடும் பெட்டிகளும் உண்டு, ஆனால் அவற்றுக்குரிய புதிய ஆட்டம் ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய், படிப்புக்கும் உதவா.

புதிதாக வாங்க வசதியுள்ளோர், தனிக் கார்டு இன்றியே ஓரளவு ஆடத்தக்க ப்ராசஸர் ஒன்றைத் தேர்ந்தால் செலவு குறையும். ஏ.எம்.டி. நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ரைசன் 5 5600ஜி அத்தகையது. அதில் ஒரு நுட்பம் உண்டு. அதனுள் இருக்கும் படத்திறன் நினைவகத்தையே பங்கிட்டுக் கொள்வதால், 16 ஜி.பி.யை ஒரே துண்டாகப் போடாமல் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாகப் போட வேண்டும். ஒற்றைத் துண்டைப் போட்டுவிட்டுக் கணினியைக் குறை கூறுவோர் பலர்.

நமது நண்பருக்கு ஏற்றது அதுவுமன்று. பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்தியபின் கழிக்கும் டெல், எச்.பி., லெனோவோ கணினிகள் சுத்தம் செய்யப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. அவை உறுதியாகக் கட்டப்பட்டவை. அவற்றில் ஒன்றை வாங்கி, ஒரு படக் கார்டைச் செருகினால் ஏழையின் விளையாட்டுக் கணினி ஆயத்தம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதற்கில்லை.

"ஐ5", "ஐ7" என்று மட்டும் சொல்லி விற்பார்கள். அச்சொல் தனியே நின்றால் பொருளற்றது. அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-ல் வந்தது. ஐ7 என்ற பெயருக்கு மயங்கிப் பின்னதை வாங்குவோர் ஏமாறுவர். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்பவை இன்டெல் ப்ராசஸர்களில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே. ஆகவே எட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

அடுத்தது பெட்டியின் உருவம். கைக்கடக்கமான மிகச் சிறிய பெட்டியில் கார்டு செருகவே இடமில்லை. ஒல்லியான பெட்டியில் பாதி உயரமுள்ள கார்டு மட்டும் நுழையும். உயர்ந்து நிற்கும் டவர் பெட்டியே நல்லது. இவ்வலுவலகக் கணினிகளில் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் சிறியது, படக் கார்டுக்கெனத் தனிக் கம்பியும் பலவற்றில் இராது. எனவே செருகுமிடத்திலிருந்தே தனக்குரிய மின்சாரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் கார்டாகப் பார்க்க வேண்டும். அந்த இடம் தரக்கூடியது 75 வாட்ஸ். 2019-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 கார்டின் பல மாதிரிகள் அதற்குள் அடங்கும். ஜி.டி. 1030 என்ற மலிவான கார்டும் உண்டு. ஆனால் ஒரே பெயரில் இருவகை விற்கின்றார்கள். டி.டி.ஆர்.4 என்று எழுதியிருப்பது, ஜி.டி.டி.ஆர்.5 என்றிருப்பதைவிட மிக மெதுவானது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றி நமது சொந்த அனுபவம் ஒன்று. முன்பிருந்த பங்கில் இளைஞர் மன்றத்துக்கென ஒரு கடையில் கணினி ஒன்றை அடுக்கித் தரச் சொன்னோம். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வண்ண விளக்கு. பெட்டியோடு வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் "500 வாட்ஸ்" என்று எழுதியிருந்தது. எழுதியதை நம்பினோம். ஏழாம் வாரம் கருகிய நாற்றம். தான் போனதோடு மதர்போர்டையும் உடன் அழைத்துச் சென்றது. பில் கேட்டு வாங்காதது நமது மடமை. கடைக்காரர் நம்மை யாரென்றே அறியாதவர் போல் பேசினார். பெட்டியோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம், 80 பிளஸ் தரச் சான்று பெற்றதைத் தனியே வாங்குங்கள். எங்கேனும் சிக்கனம் செய்தே தீரவேண்டும் என்றால், அதை வண்ண விளக்கில் செய்யுங்கள்.

தகப்பனார் மாதம் 4,000 வீதம் ஒதுக்குவதாகச் சொன்னார். தவணைக்குக் கட்டத் துணிந்திருந்த 6,000-ஐவிட அது குறைவு. வரவு குறைந்த மாதத்தில் கைவிரித்தாலும் கேட்பாரில்லை. மார்ச் முதல் அக்டோபர் வரை அஞ்சலகக் கணக்கில் போட்டார். இடையில் ஒரு மாதம் போடவில்லை, அடுத்த மாதம் இரட்டிப்பாகப் போட்டார். பையனும் கோடை விடுமுறையில் தகப்பனாரோடு ஏரிக்குச் சென்று வந்த கூலியைச் சேர்த்தான். சங்கிலி தாயின் கழுத்திலேயே இருந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை தகப்பன், மகன், கணினி தெரிந்த நமது இளைஞர் மூவருமாகப் பொன்னேரியில் மின்தொடர் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினார்கள். அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டியுள்ள ரிச்சி தெரு தொலைவில்லை. அண்ணா சாலையை அடுத்த அந்தக் குறுகிய சந்துகளில் கணினியின் ஒவ்வோர் உறுப்புக்கும் கடை உண்டு. நாலைந்து கடைகளில் விலை கேட்டுவிட்டே வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். மீன் ஏலத்தில் நின்று பழகியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இளைஞர் பிறகு சிரித்தார்.

அங்கே அவர்கள் செய்த சோதனைகள் எளியவை. கணினியைக் கடையிலேயே ஓடவிட்டு ப்ராசஸரின் எண்ணையும் நினைவகத்தின் அளவையும் திரையில் பார்த்தார்கள். பழைய கார்டுகளில் ஒரு மோசடி உண்டு: மிகப் பழைய கார்டின் உள்ளெழுத்தை மாற்றிப் புதிய பெயரைக் காட்டச் செய்வார்கள். ஜி.பி.யு.-இசட் என்ற இலவசச் செயலி அத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். அதை ஒரு பென் டிரைவில் கொண்டுபோனார்கள். எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் உழைத்தது என்பதை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மற்றொன்று சொல்லும். வரிசை எண் எழுதிய பில்லும், உத்தரவாதக் காலமும் கையில் வந்தபின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள்.

கணக்கு இதுதான். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. கொண்ட டவர் கணினி 16,500, பயன்படுத்திய ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு 8,000, பழைய 22 அங்குலத் திரை 4,000, புதிய யு.பி.எஸ். 2,800, விசைப்பலகையும் மௌசும் 900. ஆக மொத்தம் 32,200 ரூபாய். தாளில் எழுதியிருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

யு.பி.எஸ். எதற்கு என்று தகப்பனார் கேட்டாராம். ஏரிக்கரை ஊர்களில் மின்சாரம் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். யு.பி.எஸ். நெடுநேரம் ஆட உதவாது. ஒழுங்காக நிறுத்த ஒரு சில நிமிடங்கள் தரும், அவ்வளவே. அதைவிட முக்கியமானது எர்த் இணைப்பு. பல வீடுகளில் மூன்றாவது துளை பெயரளவுக்கே இருக்கின்றது. உள்ளே கம்பி இல்லை. எர்த் இல்லாத கணினிப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு உட்காரும் பிள்ளைக்கு இது விளையாட்டன்று. வயர்மேனை அழைத்து முதலில் அதைச் சரிசெய்தார்கள். அச்செலவு மேற்கண்ட கணக்கில் சேரவில்லை.

பிறகு உப்புக் காற்று. படகு எஞ்சினை அரிக்கும் அதே காற்றுதான் கணினியின் தகட்டையும் அரிக்கின்றது. ஏரியை நோக்கிய சன்னலருகே வைக்க வேண்டாம். தரையிலும் வேண்டாம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெய்த மழையை இப்பக்கத்தார் மறந்திருக்க முடியாது. ஆடும்போது துணி போர்த்தினால் சூடு அடங்கிக் கெடும். நிறுத்தி, ஆறியபின் போர்த்துங்கள். நாட்கணக்கில் ஓட்டாமல் வைப்பதும் கூடாது, ஓடும் கணினியின் சூடே ஈரத்தை விரட்டும்.

எவரும் முன்கூட்டி எண்ணாத மற்றொன்று இணையம். கைப்பேசியில் நாளொன்றுக்கு 2 ஜி.பி. கிடைக்கும் வீட்டில், 100 ஜி.பி. அளவுள்ள ஓர் ஆட்டத்தை இறக்க ஐம்பது நாட்கள் ஆகும்! அத்தனை பருமனான ஆட்டங்கள் இன்று உண்டு. இவர்கள் பொன்னேரியில் கம்பிவழி இணையம் உள்ள உறவினர் வீட்டுக்குக் கணினியைத் தூக்கிச் சென்று, இரண்டு இரவுகளில் ஆட்டங்களை இறக்கிக் கொண்டு வந்தார்கள்.

இனி, பெட்டியை எங்கே வைப்பது என்பது. இதை நாம் கடைசியில் எழுதினாலும் முதலில் பேசியது இதைத்தான். கண்முன்னே இருப்பான் என்பதற்காக வாங்கும் கணினியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், பொன்னேரிக் கடையையே வீட்டுக்குள் கொண்டுவந்ததாகும். கூடத்தில், திரை வாசலைப் பார்க்கும்படி வைத்தார்கள். கணக்குகளின் கடவுச்சொல் அக்காளிடம். தாயின் கைப்பேசியிலிருந்த பணம் செலுத்தும் எண்ணை மாற்றியாயிற்று. இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ஆனால் இலவச ஆட்டத்துக்குள் உடையும் ஆயுதமும் விற்கும் கடையை அச்சட்டம் மூடவில்லை. அந்த 2,300 ரூபாய் போன வழி இன்னும் திறந்தே இருக்கின்றது. அதற்குக் காவல் வீட்டார்தாம்.

எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதில் நாம் தீர்ப்புக் கூறவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தையும் சேர்த்து, அப்பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மணிக்கணக்கை வைத்து நோயை அளக்கவில்லை. ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு இழந்து, உணவு, உறக்கம், படிப்பு, உறவு எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைத்து, கேடு வந்தபின்னும் விட முடியாமல், அந்நிலை வழக்கமாக ஓராண்டளவு நீடிப்பதையே நோய் என்கிறது. 2025 செப்டம்பர் 7-ல் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அக்குத்திஸ் கணினியில் வல்லவர், விளையாட்டையும் விரும்பியவர். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தாமே வரையறுத்துக் கொண்டிருந்தார் என்பர். பையனிடம் இதைச் சொன்னோம். "வாரத்துக்கா சாமி? நாளைக்கு ஒரு மணின்னு சொல்லலாமே" என்றான். புனிதர்களின் அளவு எல்லார்க்கும் பொருந்தாது என்று விட்டுவிட்டோம்.

அவர்கள் வீட்டில் தாங்களே ஒரு முறை வகுத்துக் கொண்டார்கள். பழவேற்காட்டு ஏரியின் சில குப்பங்களில் "பாடு" என்று ஒரு வழக்கம் உண்டு. மீன் மிகுந்த இடங்களில் இன்னார் இன்ன நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். (அந்த முறைக்குள் இடம் பெறாத ஊர்களின் மனத்தாங்கல் நெடுநாளையது, அது வேறு கதை.) அதே பெயரைக் கணினிக்கும் சூட்டிவிட்டார் தகப்பனார். பையனுக்குப் பள்ளி நாட்களில் மாலை ஒரு மணி நேரம், சனிக்கிழமை இரண்டு. அக்காளுக்கு இரவு ஒரு மணி. தாய் முடையும் கூடைகளின் படங்களை வாங்குவோருக்கு அனுப்பும் வேலையும் அந்நேரத்திலேயே நடக்கின்றது. ஒருவர் பாட்டில் மற்றவர் வலை கட்டக் கூடாது. பையன் இதுவரை நான்கு முறை மீறியிருக்கிறான் என்று தாய் கணக்குச் சொன்னார். பொன்னேரிக் கடைக்கு இரண்டு முறை போயிருக்கிறான். கடைசிப் பேருந்தில் மட்டும் வருவதில்லை.

ஓரிடத்தில் நமது கணக்குத் தவறிவிட்டது. நினைவகம் இப்போது 8 ஜி.பி. போதும், இன்னொரு துண்டைப் பொங்கலுக்குப் போட்டுக்கொள்ளலாம், விலை இறங்கும் பொருள்தானே என்று சொல்லியிருந்தோம். 2025-ன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்கு நினைவகம் மலைமலையாய் வாங்கப்பட்டதால் உலகெங்கும் தட்டுப்பாடு உண்டாயிற்று. மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் நினைவகத் தொழிலையே விட்டுவிடுவதாக டிசம்பரில் அறிவித்தது. ரிச்சி தெருவில் அந்தச் சிறு துண்டின் விலை, நாம் முதலில் கேட்டதைப்போல் இருமடங்கையும் தாண்டிவிட்டது. சென்ற ஞாயிறு பூசை முடிந்து பையன் நம்மிடம் வந்து, "இப்ப என்ன விலை சாமி, விசாரிச்சீங்களா?" என்று கேட்டான். பழைய துண்டு எங்கேனும் கிடைக்குமா என்று நமது இளைஞர் தேடிக்கொண்டிருக்கிறார்.